தேவை: வாய் திறக்காத ஒரு பிரவுசர்

கொமினிக்கேஷன் கடை வைத்திருப்பவருக்குக் காது இரண்டும் நன்றாக வேலை செய்ய வேண்டும், வாய் மட்டும் எந்நேரமும் லீவில் இருக்க வேண்டும்.

நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்தில் என் கடை. போட்டோக் கொப்பி, லமினேற்றிங், பாஸ்போட் படம், அவற்றோடு வாடிக்கையாளர் இருந்து பாவிக்க மூன்று கொம்பியூட்டர்கள். வீட்டுக்கு வீடு போன் இருக்கிற காலத்தில் கொம்பியூட்டருக்கு யார் வருகிறார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டுக்கு வீடு போன் இருப்பதால்தான் வருகிறார்கள். அந்தப் போனை மகன் பார்ப்பான், மனைவி பார்ப்பாள், கனடாவில் இருக்கும் தம்பி அங்கிருந்தே பார்ப்பான். வீட்டில் தேட முடியாததைத் தேடத்தான் என்னிடம் வருகிறார்கள். இதே தொழிலில் இதே பாடு படுகிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வருகிறவர் என்ன தேடினார் என்பது எங்களுக்கும் கொஞ்சம் தெரிந்துவிடும். தெரிந்தும் தெரியாத முகத்தோடு "போட்டு வாங்கோ" என்று அனுப்புவதுதான் எங்கள் வேலை.

என் முகம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிரவுசருக்குத்தான் வாய் முளைத்தது.

அந்தியேட்டிக்கு ஒரு வாழ்த்து

ஒருநாள் காலை கடையைத் திறந்து கொம்பியூட்டர்களைப் போட்டால், பிரவுசர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு நின்றது. திரையின் கரையில் பல நிறத்தில் ஓர் உருண்டை. "நான் உங்களுக்கு உதவட்டுமா?" என்று தமிழிலேயே கேட்டது. எனக்கு ஒரே புதினம். நெல்லியடியில் நல்ல தோசை எங்கே கிடைக்கும் என்று எழுதிப் பார்த்தேன். ஒரு கடையின் பெயரைச் சொன்னது. அப்படி ஒரு கடை நெல்லியடியில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் எவ்வளவு மரியாதையாகச் சொன்னது! போட்டோக் கொப்பி மெஷினோடு நிற்கும் மச்சாள் சுகந்தியையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் என் கணவரின் தங்கை. நானும் அவளுக்கு மச்சாள், அவளும் எனக்கு மச்சாள். இரண்டு மச்சாள்களும் அன்று காலை அந்த உருண்டையோடு விளையாடிக்கொண்டிருந்தோம்.

விளையாட்டு தம்பிராசா அண்ணை வரும்வரைதான். அவருடைய தமையனார் காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரப்போகிறது. லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தங்களுக்கு ஈமெயிலில் அறிவிக்க வந்திருந்தார். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, "எனது தமையனாரின் அந்தியேட்டிக் கிரியைகளில் கலந்துகொள்ளுமாறு" என்று எழுதி முடித்தார். உருண்டை, "இதை மெருகூட்டித் தரட்டுமா?" என்றது. அதை அமத்தினால்தான் கடிதம் போகும் என்று நினைத்து மனிதர் அமத்திவிட்டார். திரையில் வந்தது இது: "எங்கள் அன்பு அண்ணனின் இனிய விழாவை எங்களோடு சேர்ந்து கொண்டாட மகிழ்ச்சியுடன் அழைக்கிறோம்!" கீழே இரண்டு பலூன்கள் வேறு. அவர் கண்ணாடியைக் கழற்றி, சால்வையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, அண்ணை செத்தது உதுக்கு ஏன் இவ்வளவு சந்தோசம்?"

விட்ட இடத்திலிருந்து

பலூனோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு இருந்திருப்பேன். அதே வாரம் தர்சினி வந்தாள். தொண்டைமானாற்றுப் பிள்ளை, முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். எப்போதும் மூலைக் கொம்பியூட்டரில்தான் இருப்பாள். சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. மருந்து எடுக்கத் தொடங்கிய பிறகு வருவது நின்றுபோயிற்று, மருந்து மட்டும் தொடர்கிறது. இப்போது அளவெட்டியில் ஒரு கலியாணம் பேசுகிறார்கள். பையன் கட்டடங்களுக்கு வரைபடம் கீறுகிறவர். பொருத்தம் நல்லாய் வந்திருக்கிறது, இனிச் சன்னிதி முருகன் கோயிலில் இரு பகுதியும் சந்திப்பதுதான் பாக்கி.

"இந்த மருந்தோடை பிள்ளை பெறலாமோ எண்டு பாக்கவேணும் அக்கா. டொக்டரிட்டைப் போறதுக்கு முந்தி என்ன கேக்கிறதெண்டாவது எனக்குத் தெரியவேணும்" என்றாள். அவளுடைய போனும் வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் போனும் ஒரே கணக்கில் ஓடுகின்றனவாம். இவள் தேடுவது அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவோ மாப்பிள்ளை வீட்டுக்கு மூச்சும் விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். "சொல்லுறதோ விடுறதோ, நான் இன்னும் முடிவெடுக்கேல்லை அக்கா" என்றாள். அவள் எழும்பிப் போனதும், வழக்கம்போல நான் அந்தக் கொம்பியூட்டரில் பார்த்த பக்கங்களையெல்லாம் அழித்தேன்.

நான் அழித்தது பிரவுசரின் ஞாபகத்தை. உருண்டைக்குத் தனியாக ஒரு ஞாபகம் இருந்ததை யார் கண்டது? அடுத்ததாக வந்து இருந்தவர் சந்தையில் மரக்கறி விற்கும் புவனேசக்கா. ஜேர்மனியில் இருக்கும் மகளோடு கதைக்க வந்தவர். பிரவுசரைத் திறந்ததும் உருண்டை ஓடி வந்து, "வலிப்பு மருந்தும் கர்ப்பமும்: விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?" என்று கேட்டது. புவனேசக்கா எதையும் மனதுக்குள் வாசிக்கிறவர் அல்ல. கத்தரிக்காய் விலை சொல்கிற அதே குரலில் ஒவ்வொரு சொல்லாக வாசித்துவிட்டு, "ஆருக்குப் பிள்ளை வலிப்பு?" என்றார். கடைக்குள் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். தர்சினி அந்தக் கதிரையில் இருந்ததைப் பார்த்தவர்களும் அதற்குள் நின்றார்கள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை, "எனக்குத்தான் அக்கா" என்றேன். புவனேசக்கா பதறி எழுந்து, இடுப்பில் செருகியிருந்த தன் சாவிக்கொத்தை உருவி என் கைக்குள் திணித்தார்.

"எடி பிள்ளை, உந்த வருத்தத்தை வைச்சுக்கொண்டு வெறுங்கையோடையே நிக்கிறாய்?"

எனக்கு வந்த இரும்பு

வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. இரும்பில் ஒன்றும் இல்லை என்று டொக்டர்மார் சொல்லிக் களைத்துவிட்டார்கள். சந்தைக்குச் செய்தி போனபின் என் கடைக்கு இரும்பு வரத் தொடங்கியது. பழைய பூட்டுச் சாவிகள், ஒரு ஆணி, பஸ் கொண்டக்டர் கொண்டுவந்த துருப்பிடித்த நட்டு ஒன்று. மீன் விற்கிற அம்மா பிடி கழன்ற கத்தியைக் கொண்டுவந்தபோது, அதை மட்டும் வேண்டாமென்று கும்பிட்டு அனுப்பினேன். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து, "பழைய இரும்புக் கடை துவங்கலாம் மச்சாள்" என்று சுகந்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

நானும் சிரித்தேன், இரண்டு நாளைக்கு. பிறகு சில விஷயங்கள் கண்ணில் பட்டன. எப்போதும் உள்ளே வந்து கதிரையில் இருந்து ஊர்க்கதை கதைக்கும் ஒரு தாய், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றே கொப்பி எடுத்துப் போனார். இன்னொருத்தி நான் நீட்டிய பேனையை வாங்காமல் தன் பையில் பேனை தேடினாள். இது தொற்றுகிற வருத்தமே இல்லை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. எனக்கு இது ஒரு பொய், நாளைக்கு மாறிவிடும். தர்சினிக்கு இது ஒரு கலியாணம். என் கடையின் பெட்டி வாய் திறந்ததால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை சந்தைக்கு வந்திருக்கும்.

அடுத்த முறை அவள் வந்தபோது மேசையில் கிடந்த இரும்பைப் பார்த்து என்ன இது என்று கேட்டாள். நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், புவனேசக்காவின் சாவிக்கொத்தைக் கையில் எடுத்து ஒவ்வொரு சாவியாகத் தள்ளிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் சிரித்தாள்.

"என்ரை வருத்தத்தை நீங்கள் ஏன் அக்கா எடுத்தனீங்கள்?"

மாப்பிள்ளை பார்க்கும் படலம்

அன்று பின்னேரமே வேறு பிரவுசர் தேடத் தொடங்கினேன். எத்தனை வகை இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குத் தலை சுற்றியது, ஆசையும் வந்தது. ஆனால் எதை நம்புவது? யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை விசாரிக்க ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் கேட்கக்கூடாது, அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கேட்க வேண்டும். நானும் அப்படியே செய்தேன். பிரவுசர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியதை விட்டுவிட்டு, அவற்றைப் பாவித்து நொந்தவர்கள் கூடிப் புலம்பும் பக்கங்களைத் தேடிப் படித்தேன். புலம்பலில் இருந்து எவ்வளவு படிக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முதலாவது ஆள் வாசலிலேயே "உங்கள் அந்தரங்கம் எங்கள் உயிர்" என்று எழுதி வைத்திருந்தார். உள்ளே போனால் கரையில் அதே உருண்டை, நிறம் மட்டும் வேறு. நிறுத்த வழியிருந்தது, நிறுத்தினேன். அடுத்த புதுப்பிப்போடு குளித்து முழுகித் திரும்பி வந்து நின்றது. இரண்டாவது ஆள் பரம சாது, ஏ.ஐ. என்ற பேச்சே இல்லை. ஆனால் எங்கோ ஒருவர் தனியாகச் செய்து, பிறகு கைவிட்டுப் போயிருக்கிறார். ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை, அதுவும் ஆபத்து. மூன்றாவது ஆள் பெரிய கண்டிப்பு. பரீட்சை முடிவு பார்க்கிற பக்கத்தைக்கூடத் திறக்கவிடாமல் மறித்தார், முடிவு பார்க்க வந்த பிள்ளைகள் அழாக்குறை. நாலாவது ஆள் சாம்பல் நிறத்தில் சும்மா நின்றார். உருண்டை இல்லை, உதவட்டுமா இல்லை, மூடினால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார். இலவசமாக வருகிறாரே, இவருக்குச் சாப்பாடு போடுவது யார் என்று தேடினேன். பாவிக்கிறவர்கள் கொடுக்கும் நன்கொடை என்று திறந்தே எழுதியிருந்தார்கள். உள்ளே என்ன செய்கிறார் என்பதையும், தெரிந்தவர்கள் பிரித்துப் பார்க்கலாமாம். அதற்காக இவர் எல்லாவற்றையும் மறைத்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். இன்ரநெற் லைன் தருகிறவர்களுக்கு நாங்கள் எந்தப் பக்கத்துக்குப் போகிறோம் என்பது ஓரளவு தெரியும். அதை எந்தப் பிரவுசரும் தனியாக நிறுத்த முடியாது. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: முந்தி இருந்தவர் தேடியதைப் பிந்தி வந்தவரிடம் சொல்லக்கூடாது.

ஏ.ஐ. கெட்டது என்று சொல்ல வரவில்லை. தேவைப்பட்டவர் அதன் பக்கத்துக்குத் தானாகப் போய்க் கேட்கலாம், என் கடையிலும் கேட்கிறார்கள். கேளாமல் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நாலாவது ஆளில் "வலிப்பு" என்று தேடி, மூடி, மறுபடி திறந்து "வ" என்று மட்டும் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. கடைக்குள் நின்று கை தட்டினேன். எட்டிப் பார்த்த சுகந்திக்கு மட்டும் பிடித்த மாதிரித் தெரியவில்லை.

"குடி இல்லை, புகை இல்லை, கதையும் இல்லை. உவனை ஆர் மச்சாள் கட்டுறது?"

அந்தோனி அண்ணையின் தவக்காலம்

அந்தோனி அண்ணை குருநகர்க்காரர். பெண் எடுத்த இடம் எங்கள் பக்கம் என்பதால் இங்கே குடியிருக்கிறார். படகு எஞ்சினுக்குச் சாமான் விலை பார்க்க வருவார். விலை பார்த்து முடிந்ததும் இணையத்தில் கடுதாசி விளையாடுவார், சீட்டாட்டம்தான். ஈஸ்டருக்கு முந்திய இந்தத் தவக்காலத்துக்குக் கடுதாசியை விடுவதாகக் கோயிலில் நேர்ந்திருந்தார். புதுப் பிரவுசர் வந்த நாளில் அவருக்குக் கோபமோ கோபம். "என்னை ஏன் தங்கச்சி உதுக்குத் தெரியேல்லை? நேற்றும் வந்தனான் தானே?" என்று சத்தம் போட்டார். எழும்பிப் போனவுடன் மறந்துவிடும் என்று விளங்கப்படுத்தினேன். முழுக்கவா என்று கேட்டார். முழுக்க என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கதிரையை நன்றாக முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று அவர் எஞ்சின் சாமான் விலை பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. போகும்போது குரலைத் தணித்துச் சொன்னார்.

"பாதர் மன்னிப்பார் தங்கச்சி, ஆனா மறக்கமாட்டார். உது மன்னிக்கத் தேவையில்லை, மறந்தாக் காணும்."

அளவெட்டியில் இருந்து ஒரு போட்டோக் கொப்பி

வெள்ளை வேட்டியோடு ஒரு பெரியவர் வந்து அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கத் தந்தார். விலாசம் அளவெட்டி. அளவெட்டியில் ஒரு கொப்பி மெஷின் இல்லாமலா மனிதர் இவ்வளவு தூரம் வந்திருப்பார்? எதையும் தானே நேரில் விசாரிக்கிறவர் என்று தர்சினி முன்பு சொல்லியிருந்த, மாப்பிள்ளையின் பெரியப்பா இவர்தான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் பிரவுசரை விசாரித்த அதே முறையில் அவர் பெண்ணை விசாரிக்க வந்திருக்கிறார்.

"தங்கச்சி, தொண்டைமானாத்திலை இருந்து தர்சினி எண்டு ஒரு பிள்ளை இஞ்சை வாறவவே?"

"வருவா ஐயா. நல்ல பிள்ளை."

"வந்து என்ன பாக்கிறவ?"

"அதெனக்குத் தெரியாது ஐயா."

"உங்களுக்குத் தெரியாட்டிலும் உந்தப் பெட்டிக்குத் தெரியுமாமே. ஆர் என்ன பாத்தாலும் உதுக்குள்ளை கிடக்கும் எண்டு எங்கடை வீட்டுப் பெடியள் சொல்லுவினம்."

"அப்ப இருந்து பாருங்கோ" என்று மூலைக் கொம்பியூட்டரைக் காட்டினேன். இப்போது சொல்கிறபோது துணிச்சல் மாதிரி இருக்கிறது, அப்போது மனதுக்குள் சன்னிதி முருகனைக் கூப்பிட்டேன். பெரியவர் இருந்து, அமத்தக்கூடிய இடமெல்லாம் அமத்திப் பார்த்தார். சாம்பல் நிறத் திரைதான் திரும்பத் திரும்ப வந்தது. "ஒண்டும் இல்லையே" என்றார். இல்லை என்றேன். நாடியைத் தடவினார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப இப்ப நான் ஒண்டு தேடினா?" நீங்கள் மூடினதும் அதுவும் போய்விடும் என்றேன். மனிதர் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கதிரையை நெருக்கிப் போட்டு, திரையைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினார். நெடுநேரம் இருந்தார். இடைக்கிடை "ஓகோ" என்ற சத்தம் மட்டும் வந்தது.

அவர் எழும்பியதும் நானும் சுகந்தியும் ஒரே நேரத்தில் அந்தக் கதிரைக்குப் பாய்ந்து முட்டிக்கொண்டோம். ஒன்றுமே இல்லை. நானே விசாரித்துத் தேர்ந்தெடுத்த பிரவுசர் மேல் எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. பெரியவர் வாசற்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நல்ல பெட்டி தங்கச்சி. விசாரிக்க வந்தனான், ஒண்டும் கிடைக்கேல்லை, ஆனா மனம் ஆறுதலாக் கிடக்கு."

சன்னிதியில் சொன்னது

கோயிலில் சந்திப்பு முடிந்தபின் தர்சினி வந்தாள். பெரியப்பா வந்ததையும், வெறுங்கையோடு போனதையும் நான் ஒரு வீராங்கனை மாதிரி அவளுக்குச் சொன்னேன். இனி ஒருவருக்கும் ஒன்றும் தெரிய வராது, நீ பயப்படாதே என்றேன். அவள் மூலைக் கதிரையில் இருந்து சிரித்தாள்.

"நான் சொல்லிப்போட்டன் அக்கா."

"ஆரிட்டை?"

"அவரிட்டை."

எனக்கு வந்தது கோபமா, பயமா, தெரியவில்லை. "அடி பாவி, அப்ப நான் ஏன் இவ்வளவு பாடுபட்டனான்? உனக்காகத்தானே ஒளிச்சனான்?" என்று கத்திவிட்டேன்.

"ஒளிக்கிறதுக்கில்லை அக்கா. நான் என்ரை வாயாலை சொல்ல முந்தி வேறை ஒண்டும் சொல்லிப்போடக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேணும்."

இத்தனை பிரவுசரை விசாரித்தும் இதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டேன். பெரியவர்கள் மடத்தில் அன்னதானத்துக்குப் போனபோது, ஆற்றங்கரைப் பக்கமாக இருவரும் நின்றிருக்கிறார்கள். சின்ன வயதில் வந்த வலிப்பு, இன்றும் எடுக்கும் மருந்து, டொக்டரிடம் கேட்ட கேள்விகள், டொக்டர் தந்த பதில்கள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாராம். "அந்த நேரம்தான் அக்கா எனக்குச் சீவன் போனது" என்றாள். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, சாவிக்கொத்து ஏதும் கையோடு வைத்திருக்க வேண்டுமா என்பது. தேவையில்லை, மருந்தைத்தான் மறக்கக்கூடாது, காலையிலும் இரவிலும் நேரத்துக்கு எடுக்க வேண்டும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அம்மா இன்னும் இவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் அளவெட்டியில் கலியாணத்துக்கு நாள் பார்க்கிறார்கள்.

"மருந்துக் கதைக்கு அவர் என்னடி சொன்னவர்?" என்றேன். தர்சினி தலையைக் குனிந்துகொண்டு, அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"'இரவு மருந்தை நான் ஞாபகப்படுத்துறன். காலமைதான் கஷ்டம், நான் நித்திரையாலை எழும்பமாட்டன்' எண்டவர்."

தர்சினியின் கதையைத் தர்சினியே சொல்லிவிட்டாள், பெரியப்பா தேடியது பெரியப்பாவோடு போய்விட்டது, என் மேசை லாச்சிக்குள் கிடக்கும் இரும்பு மட்டும் குறையவில்லை, ஏனென்றால் எனக்கு வலிப்பு இல்லை என்ற ஒரேயொரு செய்தியை நெல்லியடிச் சந்தையில் பரப்பக்கூடிய பிரவுசரை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.